நாலு பல் வெங்காயம்

மேசைத் தொலைபேசி அலறியது. அந்தப் பழைய கருவிக்கு மெதுவாகக் கூப்பிடத் தெரியாது. ஒரு தடவை மணி அடித்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். மேசை மேல் இருக்கும் பேனா உருண்டு கீழே விழும். நிலவரம் கையில் இருந்த டீயைப் பாதி வாயிலும் பாதி மடியிலுமாக ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"முறை தவறி யாரு கூப்பிடுறது?" என்றாள்.

"எடுத்தாத்தானே அக்கா தெரியும்," என்றாள் எதிர் மேசைத் தட்டச்சுக்காரி.

நிலவரம் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. மற்றபடி அந்த வட்டாரத்தில் ஆடு வளர்ப்பவர், தக்காளி போடுபவர், கடன்காரர், சொந்தக்காரர் எல்லாருக்கும் அவள் நிலவரம்தான். விதைக் கடைக்கு மேல் மாடியில் மூன்று மேசை, ஒரு மின்விசிறி, ஒரு ஒலிப்பதிவுக் கருவி. அதுதான் விலை அறை. தினமும் காலையில் வட்டாரத்தின் ஆறு சந்தைகளிலிருந்தும் அன்றைய விலையைக் கேட்டு வாங்கி, சரிபார்த்து, தன் குரலிலேயே படித்துப் பதிவு செய்வாள். அது அப்படியே விவசாயிகளின் செல்போனுக்குப் போய்ச் சேரும். வண்டியில் மூட்டையை ஏற்றி வைத்துக்கொண்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் பலபேர் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்றே முடிவு செய்வார்கள்.

அந்தச் சந்தைப் பேச்சு அவள் வீடு வரைக்கும் தொற்றியிருந்தது. பம்ப் மெக்கானிக்கான அவள் புருஷன் வேலை முடிந்து வரும்போது செருப்பைக் கழற்றியபடியே, "உள்ள நிலவரம் என்ன?" என்று கேட்பான். "வரத்து அதிகம், விலை மந்தம்," என்பாள். சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், யாரும் ஒன்றும் வாங்கி வரவில்லை என்று அர்த்தம்.

தட்டச்சுக்காரி விலையை நேரடியாகக் கணினியில் ஏற்ற வேண்டும் என்பதால் எல்லாப் பேச்சும் ஸ்பீக்கரில்தான். நிலவரம் பொத்தானை அமுக்கினாள்.

"எழுதிக்கோ தங்கச்சி," என்றது குரல்.

மேட்டுச்சந்தை அண்ணன். ஆறு சந்தைகளில் கடைசியாகப் பேச வேண்டியவர். மேட்டில் பனி விலகி, ஆடுமாடு இறங்கி வந்து, பேரம் சூடு பிடிக்க நேரமாகும். அதனால் அவர் முறை எப்போதும் கடைசி. பல வருஷமாகத் தினமும் பேசுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது. "எழுதிக்கோ தங்கச்சி" என்றுதான் ஆரம்பிப்பார். தானியம், காய்கறி, ஆடு, மாடு என்று அந்த வரிசை ஒருநாளும் மாறாது. ஒருதரம் பதிவெல்லாம் முடிந்து அவள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டு, "பூண்டு விலையில ஒரு சின்னப் பிசகு ஆயிடுச்சு. திருத்திச் சொல்லிடு தங்கச்சி, இல்லேன்னா எனக்குச் சோறு இறங்காது," என்று அடம் பிடித்தவர்.

"என்ன அண்ணே, மேட்டுல இன்னிக்குச் சீக்கிரமே விடிஞ்சிடுச்சா?" என்றாள்.

"எழுதிக்கோ தங்கச்சி. தக்காளி... ஜோடி எண்பதாயிரம்."

தட்டச்சுக்காரியின் விரல்கள் பழக்க தோஷத்தில் அதை அப்படியே அடித்துவிட்டன. பிறகுதான் அவள் திரையைப் பார்த்தாள். "ஜோடியா? தக்காளிக்கு எப்போ கல்யாணம் ஆச்சு?"

"காளை மாடு," என்றது குரல். "காளை மாடு... பெட்டி முந்நூறு."

மூன்றாவது மேசையில் இருந்த கண்காணிப்பாளர் தலையை நிமிர்த்தினார். நேரம் தவறினால் உயிரை வாங்குவார் என்பதால் அவருக்குப் பின்னால் எல்லாரும் வைத்த பெயர் கடிகாரம். சிரிப்பதற்கென்று அவர் நேரம் எதுவும் ஒதுக்கியிருந்ததாக யாருக்கும் தெரியாது. அவரே அன்று சிரித்துவிட்டார்.

"காளை பெட்டி முந்நூறா? எனக்கு ரெண்டு பெட்டி சொல்லும்மா. மொட்டை மாடியில வெச்சுக்கிறேன்."

நிலவரத்துக்கும் சிரிப்பு வந்தது. இந்தத் தொழிலில் இது புதிதில்லை. தக்காளி பெட்டிக் கணக்கு, காளை ஜோடிக் கணக்கு. விலை எழுதிய தாளைப் பார்த்துப் படிக்கும்போது கண் ஒரு வரி கீழே இறங்கிவிட்டால் பெட்டிக்கும் ஜோடிக்கும் இடம் மாறிவிடும். விலை அறையில் அதற்கு வரி தாண்டுவது என்று பெயர். புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது தாண்டுவார்கள். மேட்டுச்சந்தை அண்ணன் தாண்டியதில்லை. இன்று தாண்டிவிட்டார், அவ்வளவுதான்.

"அண்ணே, வரி தாண்டிட்டீங்க. கண்ணாடியை வீட்டுல மறந்துட்டு வந்துட்டீங்களா? பரவாயில்ல, மத்த சந்தையை முடிச்சிட்டு நானே கூப்பிடுறேன். வெச்சிடவா?"

மூச்சு மட்டும் கேட்டது. அவள் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

"வெங்காயம்," என்றது குரல். மாட்டைக் கயிறு போட்டு இழுப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து வந்தது. "வெங்காயம்... நாலு பல்லு."

தட்டச்சுக்காரி மேசையில் கவிழ்ந்து குலுங்கினாள். "வெங்காயத்துக்குப் பல்லா? பூண்டுக்குக்கூட இருக்கும்னு வெச்சுக்கலாம்..."

நிலவரமும் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே நிறுத்தி, ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.

நாலு பல் என்பது மாட்டுச் சமாசாரம். மாட்டுக்கு வயது என்ன என்று வாயைத் திறந்து பல்லை எண்ணிப் பார்ப்பார்கள். ரெண்டு பல் என்றால் இளசு, நாலு பல் என்றால் உழைக்கத் தயார். மாட்டின் பக்கத்தில் நின்று பேரம் பேசுகிறவன் வாயில் வருகிற வார்த்தை. விலைத் தாளில் அதற்கு இடமே கிடையாது. தாளில் இல்லாத வார்த்தைக்குக் கண் எப்படி வரி தாண்டும்?

அவளுக்கு அம்மா வழி மாமா ஒருவர் இருந்தார். ஒரு கல்யாண வீட்டில், பந்திக்கு உட்கார்ந்த இடத்தில், தண்ணீரைக் கேட்பதற்குப் பதிலாகச் சாவியைக் கேட்டார். எல்லாரும் மாமாவின் குறும்பு என்று சிரித்தார்கள். சாயங்காலம் வரைக்கும் சிரித்தார்கள். அதன் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. கேட்க அவருக்குப் பேச்சும் இல்லை.

நிலவரம் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"எழுதிக்கோ தங்கச்சி."

"விலையை விடுங்க. எங்க நிக்கிறீங்க? பக்கத்துல யாரு இருக்கா?"

"எழுழிக்கோ... தங்கச்சி."

அந்த 'ழி' அவளைத் தூக்கிவாரிப் போட்டது. மற்ற இருவரும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். கடிகாரம் மட்டும் பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தார். "அவருக்கு நேத்து விலையையே போட்டு முடிச்சிடும்மா. பதிவுக்கு நேரமாச்சு. கொஞ்சம் ஊத்திட்டு வந்திருப்பார்."

"அவர் டீயே குடிக்க மாட்டார் சார். சந்தை திறந்திருக்கும்போது நேத்து விலையைப் போடக் கூடாதுன்னு சொன்னவரே நீங்கதானே. அவருக்குப் பக்கவாதம் வருது சார். தலைக்குள்ள ரத்தம் அடைக்குது. எங்க மாமாவுக்கு இப்படித்தான் வந்துது."

கடிகாரம் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தி, தெருச் சத்தத்தை வெளியே விட்டார். தன் செல்போனை எடுத்து மேட்டு ஆஸ்பத்திரியின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

மேட்டுச்சந்தையில் நிலவரத்துக்குத் தெரிந்த இன்னொரு ஆள் எடைமேடைக்காரர். லாரியைச் சரக்கோடு நிறுத்தி எடை போடுகிறவர். வாடகை லாரித் தகராறு ஒன்றில் அவள் சரியான சந்தை விலையைச் சொல்லிக் காப்பாற்றியதிலிருந்து பொங்கிவரும் பாசம் அவருக்கு. தட்டச்சுக்காரியின் செல்போனில் அவரைப் பிடித்தாள். ஒரு காதில் செல்போன், முன்னால் ஸ்பீக்கர்.

"அட, நிலவரமாம்மா? குரலைக் கேட்டதும் தெரிஞ்சிடுச்சு. வீட்ல எல்லாரும்..."

"பேசாதீங்கண்ணே, ஓடுங்க."

"எங்கம்மா ஓடணும்?"

"அதைத்தான் தேடணும். நம்ம விலை சொல்ற அண்ணனுக்கு உடம்புக்கு முடியல. சந்தைக்குள்ள எங்கயோ இருக்கார். பேச வாய் வரல. ஆட்டுப் பட்டியில பாருங்க."

எடைமேடைக்காரர் அங்கே இருந்தவர்களைக் கூவிக் கேட்பது கேட்டது. திரும்பி வந்தார். "தலை வலிக்குதுன்னுட்டு தாளை எடுத்துக்கிட்டுப் போயிட்டாராம். எந்தப் பக்கம்னு ஒருத்தரும் பார்க்கலியாம். கூட்டம் நெரியுது தாயி. ஊசி விழ இடமில்ல."

மேட்டுச்சந்தையை நிலவரம் பார்த்ததில்லை. ஆனால் காதால் அவளுக்கு அது அத்துப்படி. அண்ணன் குரலுக்குப் பின்னால் பல வருஷமாகக் கேட்ட சத்தங்கள். ஆட்டுப் பட்டியில் மணியும் கத்தலும். காய்கறி ஏலத்தில் ஒருத்தன் மூக்கால் பாடிக்கொண்டே விலை ஏற்றுவான். தானியக் கிடங்குப் பக்கம் மூட்டை விழும் தொப் தொப். இன்றைக்கு இவை எதுவுமே பக்கத்தில் இல்லை. எல்லாம் தலையணைக்கு அடியில் வைத்த ரேடியோபோல் எங்கோ கேட்டன.

"அண்ணே, மேடையில லாரி நிக்குதா? ஹாரன் அடிக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"அடிக்கச் சொல்லுங்கண்ணே."

செல்போன் வைத்த காது கிழிந்தது. ஸ்பீக்கரில் அதே ஹாரன் கொசுவாக முனகியது.

"தூரம். மேடைக்கிட்ட இல்ல. பட்டிப் பக்கம் நிக்கிற லாரியை அடிக்கச் சொல்லுங்க."

எடைமேடைக்காரருக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அதற்கப்புறம் அவர் கேள்வியே கேட்கவில்லை. அவர் சத்தம் போட, யாரோ ஒரு டிரைவர் காரணம் கேட்காமல் ஹாரனை அமுக்கினான். ஸ்பீக்கரில் அதுவும் கொசுதான். காய்கறி ஏலக் கொட்டகையில் ஒன்று. அது கொஞ்சம் பெரிய கொசு. தானியக் கிடங்கு வாசலில் ஒன்று. ஸ்பீக்கர் அதிர்ந்தது.

"அங்கதான். கிடங்குப் பக்கம்தான்."

"கிடங்குக்கு உள்ள பார்த்துட்டேன்மா, மூட்டைதான் இருக்கு. பின்னால வரிசையா கொட்டகை இருக்கு, எதைன்னு பார்க்கிறது?"

நிலவரம் ஸ்பீக்கரோடு காதை ஒட்டினாள். "அண்ணே," என்றாள் அதனிடம், மெதுவாக. "நான் வைக்கல. இருக்கேன். நேத்து உங்க விலையை நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. தக்காளி பெட்டி..." என்று ஆரம்பித்தாள். தூக்கம் வராத பிள்ளைக்குக் கதை சொல்வதுபோல் மேட்டுச்சந்தையின் நேற்றைய விலை முழுவதையும் வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டே போனாள். பூண்டுக்கு வந்தபோது அங்கிருந்து ஒரு சின்ன முனகல் வந்தது. ஆமாம் என்கிறாரா, தப்பு என்கிறாரா தெரியவில்லை. உயிர் இருக்கிறது என்பது தெரிந்தது.

அந்த முனகலுக்குப் பின்னாலேயே இன்னொரு சத்தம். க்ர்ர்க்... கொக்கொக்...

"கோழி," என்றாள். "எடைமேடைக்காரண்ணே, கோழி சத்தம் கேக்குது."

"இன்னிக்குக் கோழி நாளே இல்லியேம்மா. அது நேத்தோட முடிஞ்சுது."

"நேத்து விக்காம நின்ன கோழியை எங்க போட்டு வெப்பாங்க?"

"காலிப் பெட்டி அடுக்குற கொட்டகையிலம்மா. கடைசிக் கொட்டகை. ஐயோ, அங்க ஒரு ஈ காக்கா வராது."

ஓடும் சத்தம். கூட நாலைந்து பேர் ஓடும் சத்தம். பெட்டிகள் சரிந்து விழும் சத்தம். கோழிகள் ஊரைக் கூட்டின. அதற்கு மேல் எடைமேடைக்காரர் பேசியது நிலவரத்துக்கு இரண்டு பக்கமும் கேட்டது, செல்போனிலும் ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில்.

"இருக்காரு தாயி. கண்ணு திறந்துதான் இருக்கு. ஒரு பக்கமா சாஞ்சு கிடக்காரு, போனைக் காதை விட்டு எடுக்கவே மாட்டேங்கறாரு."

தட்டச்சுக்காரி தேம்பி அழுதாள். கடிகாரம், "ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிடுச்சு. சந்தையோட பின்வாசலுக்கு வரச் சொல்லியிருக்கேன். முன்வாசல்ல கூட்டம்," என்றார். பிறகு செல்போனை மறுபடியும் காதில் வைத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம்: பேச்சு எப்போது குழற ஆரம்பித்தது? அது தெரிந்தால்தான் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியைப் போடலாமா கூடாதா என்று சொல்ல முடியுமாம்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பரபரப்பில் மணி பார்த்தது யார்?

"இதுல இருக்கு சார்," என்றாள் தட்டச்சுக்காரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. கணினித் திரையில் இன்னும் அழிக்காமல் நின்றது: தக்காளி, ஜோடி, எண்பதாயிரம். ஏற்றிய நேரம் பக்கத்திலேயே பதிவாகியிருந்தது. கடிகாரம் அதை டாக்டருக்கு வாசித்தார். வாழ்நாள் முழுக்க நேரம் நேரம் என்று மற்றவர் உயிரை வாங்கிய மனுஷன், ஒரு உயிரைக் கொடுக்க அன்று நேரம் சொன்னார்.

அன்றைய பதிவு மிகவும் தாமதமாகத்தான் போனது. ஐந்து சந்தையின் விலையைப் படித்துவிட்டு, "மேட்டுச்சந்தை நிலவரம் இன்று கிடைக்கவில்லை," என்றாள் நிலவரம். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் குரலில் என்ன இருந்ததோ, விலை கேட்பதற்கென்று ஒருவரும் கூப்பிடவில்லை. "அண்ணனுக்கு என்னம்மா ஆச்சு?" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பழைய தொலைபேசி அன்று முழுக்க ஓயவில்லை, அவளும் சலிக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து எடைமேடைக்காரர் பேசினார். ஊசி நேரத்துக்கு ஏறிவிட்டதாம். கை லேசாக அசைகிறதாம். டாக்டர் சிரித்த முகமாக இருக்கிறாராம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது புருஷன் வழக்கம்போல், "நிலவரம் என்ன?" என்றான். அவள் கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நடந்ததை எல்லாம் கேட்டான்.

"யாருக்கு நன்றி சொல்றதுன்னே தெரியலங்க," என்றாள். "அந்த லாரிக்காரங்க யாருன்னுகூடத் தெரியாது. ஏன் எதுக்குன்னு ஒருத்தர் கேக்கல, அடின்னா அடிச்சாங்க."

"விக்காம நின்ன கோழிக்கும் சொல்லணும்."

"நான் நெஜமாத்தான் சொல்றேன்."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன்," என்றான் அவன். "விலை படிஞ்சு போயிருந்தா அது இந்நேரம் யார் வீட்டுச் சட்டியில இருந்திருக்குமோ." அழுதுகொண்டே சிரிப்பது எப்படி என்று அன்று அவள் கற்றுக்கொண்டாள்.

அண்ணன் திரும்பி வரும்வரை மேட்டு விலையைச் சொல்லும் பொறுப்பை எடைமேடைக்காரர் இழுத்துப் போட்டுக்கொண்டார். மனுஷனுக்கு ஈர நெஞ்சு, ஆனால் எதைப் பார்த்தாலும் எடைதான் தெரியும்.

"காளை ஒண்ணே முக்கால் டன்மா."

"லாரியோடயா அண்ணே?"

"இரு, லாரியைக் கழிச்சிட்டுச் சொல்றேன்."

தட்டச்சுக்காரி தினமும் வாயைப் பொத்திக்கொண்டு அடிப்பாள். ஆனால் ஒருநாள்கூட யாரும் அவரைக் கேலி செய்து போனை வைத்ததில்லை. விலை அறையில் ஒரு புது வழக்கம் வந்திருந்தது: தப்பான விலை வந்தால், சிரித்து முடித்த கையோடு, "உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட வேண்டும். கடிகாரமே அதற்கென்று நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்.

சில வாரங்கள் கழிந்தன. ஒருநாள் பதிவு முடிந்த நேரம், மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. முதலில் ஒரு சின்ன மூட்டை உள்ளே வந்தது. அதைச் சுமந்தபடி தாட்டியான ஒரு அம்மாள். பின்னாலேயே கைத்தடியை ஊன்றி, நெடுநெடுவென்று ஒருவர். நிலவரம் மனதுக்குள் வைத்திருந்த ஆள் குள்ளம், மீசைக்காரர். இவருக்கு இரண்டும் இல்லை. கேள்வியாகப் பார்த்துக்கொண்டே எழுந்தாள்.

அவர் வாயைத் திறந்தார். "எழு...திக்கோ தங்கச்சி," என்றார்.

அவள் எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். பேனா கையிலிருந்து உருண்டது. அவளுக்குப் பதிலாகக் கடிகாரம் ஓடிப்போய் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து தன் நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"நான்தான் இவரோட வீட்டுக்காரி," என்றாள் அந்த அம்மாள். மூட்டையை மேசை மேல் இறக்கினாள். "வெங்காயம். எங்க தோட்டத்துதுதான். ஒவ்வொண்ணா வாயைத் திறந்து பார்த்துட்டேன், ஒண்ணுக்கும் பல்லு இல்ல. தைரியமா சமைக்கலாம்."

அறையே வெடித்துச் சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் அண்ணன்தான். முகத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் பின்தங்கி வந்து சிரிப்பில் சேர்ந்துகொண்டது.

"எனக்கு இவர் மேல ஒரு கோவம் உண்டு," என்றாள் அண்ணி, நிலவரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. "உயிர் போற நேரத்துல கட்டினவளுக்குப் போன் பண்ணாம, தங்கச்சிக்குப் பண்ணியிருக்காரு பாருங்க."

"விரலுக்கு... அந்த நம்பர்தான்... தெரிஞ்சுது," என்றார் அவர். வார்த்தைகள் மெதுவாக வந்தன. ஆனால் சரியான வார்த்தைகளாக வந்தன.

"தெரிஞ்ச வரைக்கும் நல்லதாப் போச்சு. அந்த நேரம் நான் மாட்டுக்கு அடியில உட்கார்ந்து கறந்துக்கிட்டிருப்பேன், போனை எங்க எடுக்கிறது? அப்படியே எடுத்து, தக்காளி ஜோடின்னு இவர் சொல்லியிருந்தா, சந்தையில போய்ச் சொல்லுங்கன்னு வெச்சிருப்பேன்." சொல்லச் சொல்ல அவள் கண் நிறைந்துவிட்டது. "நீ வைக்காம இருந்தியே தாயி. என் வீட்டுல இன்னிக்கு ரெண்டு பேர் சாப்பிடுறோம். வேற என்ன சொல்ல எனக்குத் தெரியல."

நிலவரத்துக்கு அது தாங்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க அண்ணி. நானும் சிரிச்சவதான். வரி தாண்டிட்டீங்கன்னு சொல்லி வைக்கப் பார்த்தேன். விரல் பொத்தான் மேலயே இருந்துது. அந்த நேரம் பார்த்து அந்த நாலு பல்லு மட்டும் தப்பா வந்து விழலேன்னா..."

அண்ணன் தலையை அசைத்தார். இல்லை, இல்லை என்று அசைத்தார். எதையோ சொல்ல வேண்டும் என்ற அவசரம் முகத்தில் தெரிந்தது. வீட்டுக்காரி உதவப் போனாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். கடிகாரம்கூட மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

"தக்காளிக்கு ஜோடி சேர்த்தது நோவு, தங்கச்சி," என்றார் அவர், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து. "காப்பாத்துன்னு சொல்ல வாய் வரல, நீ போனை வைக்கப் போறேன்னு மட்டும் புரிஞ்சுது, அப்போ இருக்கிறதுலயே பெரிய தப்பாத் தேடிப் பிடிச்சு வெங்காயத்துக்குப் பல்லு வெச்சது நான்தான்."